சனிக்கிழமை வராதே

சரவணா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி உன்னை ஏமாற்றப் போவதில்லை. நீ வருத்தத்தில் இருக்கிறாய், நானும் நன்றாக இல்லை. புதன்கிழமை போனில், "சனிக்கிழமை வந்துர்றேன்மா, அங்கயே உக்காந்து கிளாஸ் பாத்துக்கறேன்" என்றாய். நான், "வராத" என்றேன். "ஏன்மா, எங்கயாச்சும் போறீங்களா?" என்று கேட்டாய். "எங்கயும் போகலைலா. நீ வராத, அவ்ளோதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், 'கோவமா அம்மா?' என்று எழுதி அனுப்பியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் நான் பேசி அனுப்புவதை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது எனக்குத் தெரியும். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தே அப்படிக் கேட்டாய். என் குரல் எனக்கே கோழி கொக்கரிப்பதுபோல் இருந்தது. காகிதத்தில் எழுதினால் பொறுமையாகத்தான் படித்தாக வேண்டும். பக்கத்து வீட்டு ஜானகி அக்காவின் மருமகன் நாளை நீ இருக்கும் கூலிமுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அறையில் இருக்கும் பையன்களும் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் எங்கோ ஓர் ஊரில் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

கரங்கான் வீட்டில், சாப்பாட்டு மேசையில், நீ மடிக்கணினி வைக்கும் அதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை, காலை நேரம். உன் இணைய வகுப்பு நடந்துகொண்டிருக்கும். போன தவணையில் தோற்ற அதே பாடம், அதே ஆசிரியர், மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவையும் தவறினால் கல்லூரியில் அந்தப் பாடத்தை இனி எடுக்க விட மாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அந்தப் பாடம் போனால் டிப்ளோமா போயிற்று, டிப்ளோமா போனால் உங்கள் தொழிற்சாலையில் கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறாரே அந்தப் புவான் அம்மா, அவர் கொடுத்த வாக்கும் போயிற்று. "நீ படிச்சு முடி, என் பிரிவுல ஆள் எடுக்கறப்போ உன் பேரைத்தான் மொதல்ல சொல்வேன்" என்று அவர் சொன்னதாக நீ வந்து சொன்ன அன்று உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, மைக்ராஸ்கோப்பில் சில்லு சில்லாகப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்ணோடு நீ மோட்டாரில் வந்து இறங்குவதைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அந்தத் தொழிற்சாலை லைனிலிருந்து நீ எழுந்து வரவேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் பெரிதாக இல்லை.

முதலில் நாம் சறுக்கியது கெடா மாநிலத்துக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய சறுக்கல். வார இறுதி வகுப்பு என்று கல்லூரிக்காரர்கள் போட்டிருந்தார்கள். வார இறுதி என்றால் நமக்கு வெள்ளியும் சனியும். பள்ளிக்கூடமும் அரசாங்க அலுவலகமும் இங்கே அந்த நாட்களில்தான் மூடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புகிற நாள். கல்லூரி கோலாலம்பூர் பக்கம் இருக்கிறது, அங்கே கணக்கு வேறு என்பது உனக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. நீ சூப்பர்வைசரைக் கெஞ்சி வெள்ளி, சனி ஓய்வு வாங்கினாய். முதல் வெள்ளிக்கிழமை குளித்து, திருநீறு வைத்து, காலர் வைத்த சட்டை போட்டு இந்த மேசையில் உட்கார்ந்தாய். நான் விளக்கேற்றிக் கேசரி கிண்டி வைத்திருந்தேன். திரையில் உன் முகம் மட்டும் தெரிந்தது. "என்னப்பா, ஆளையே காணோம்?" என்றேன். "வருவாங்கம்மா, கேஎல்காரங்க லேட்டாதான் வருவாங்க" என்றாய். கேசரி ஆறிப்போனது, ஒருவரும் வரவில்லை. பிறகு நீ போன் செய்து கேட்டபோது அந்த அலுவலகப் பெண், வகுப்பு சனியும் ஞாயிறும் என்று சொல்லிச் சிரித்தாளாம். நாமும் அன்றைக்குச் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்துக் கேசரியைத் தின்று தீர்த்தோம்.

சிரித்ததோடு விட்டதுதான் பிழை. அன்றே போய் ஓய்வு நாளை மாற்றிக் கேட்டிருக்க வேண்டும். உனக்குச் சங்கடம், இப்போதுதான் கெஞ்சி வாங்கினோம், மறுபடி எப்படி என்று. ஞாயிற்றுக்கிழமை செய்முறை வகுப்பின் பதிவை வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாய். வேலை முடிந்து வந்தவன் எங்கே பார்த்தாய்? திரையில் பெட்டி பெட்டியாக வைத்துக் கோடு இழுத்து இணைக்கிற அந்தப் பயிற்சி, பதிவைப் பார்த்தால் வருகிற காரியமா? தோசை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தோசை வருமா? இந்தத் தடவை நீயாகவே சூப்பர்வைசரிடம் போய்ச் சனி, ஞாயிறு வாங்கிவிட்டாய். அதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இனி வெள்ளிக்கிழமையும் உனக்கு வேலை. சனி, ஞாயிறு இரண்டும் வகுப்பு. இந்தத் தவணை முழுக்க உனக்குக் கரங்கானுக்கு வர நாள் கிடையாது. உனக்கும் அது தெரிந்துதான், வகுப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வரப் பார்க்கிறாய்.

நீ இங்கே வந்தால் என்ன ஆகும் என்று நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. அதற்கு என் வாய்தான் காரணம். நீ கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கிறாய் என்று தாமான் குடியிருப்பு முழுக்கச் சொன்னவள் நான். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கும்போதுகூடச் சொன்னேன். கேட்டவர்களுக்கு நெட்வொர்க் என்றால் என்னவென்று தெரியாது, சொன்ன எனக்கும் தெரியாது. கரண்டில் ஓடுகிற எல்லாமே உனக்கு அத்துப்படி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. முதலில் வந்தவர் ஜானகி அக்கா. "தம்பி, போன்ல எடமே இல்லையாம். பேரப்புள்ள போட்டோ ஒன்னும் அழிக்காதப்பா, எடம் மட்டும் பண்ணிக்குடு" என்றார். அடுத்து எதிர்வீட்டு மலாய்க்கார மக் சிக் பிரிண்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தார். ஒருவர் ரைஸ்குக்கரைக் கொண்டு வந்தார். அதையாவது திருப்பி அனுப்பினேன் என்று எனக்கு ஒரு பெருமை. வருகிறவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தைதான். "வீட்லதானலா இருக்கான்." நீ பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சுங்கைப்பட்டாணியில் ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தால், ஒருவராவது பின்னாலேயே பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்களா? வீட்டில் உட்கார்ந்து படிப்பவன் சும்மா இருப்பவன் என்றுதான் நம் சனங்களுக்குக் கணக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீ காதில் அந்த ஒயரை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "தம்பி, தேங்கா துருவிக் குடுத்துட்டுப் பாருப்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

நான் ஏன் யாரையும் தடுக்கவில்லை என்று நீ கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் அப்பா போன புதிதில் வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருந்தது. பிறகு குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவருக்கு அவரவர் பாடு. ஆனால் சில நாள் மீன்காரர் ஹாரன் அடிக்கும்போது, "இன்னைக்கு வேணாம் தம்பி" என்று நான் சொல்வதுதான் அன்று முழுக்க நான் பேசிய பேச்சாக இருக்கும். வேண்டாம் என்று சொல்வதற்காகவே வாசலுக்குப் போயிருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் சனிக்கிழமைகளில் எனக்குக் கோப்பை போதவில்லை. கூடத்தில் ஜானகி அக்கா, எதிரே மக் சிக், வாசலில் கோயில் தலைவர் அண்ணனின் காடி நிற்கும். நடுவில் நீ எல்லோருடைய சாமானையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் தேத்தண்ணி போட்டுப் போட்டுக் கொண்டு வருவேன். "ஒங்க மகனுக்குப் பொறுமை ஜாஸ்தி அக்கா" என்பார்கள். எனக்கு மனம் நிறைந்துவிடும். அந்த நிறைவுக்காக உன் சனிக்கிழமையை எடுத்து எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. உன் பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சை நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று ஞாபகம் இருக்கிறதா? லாரியில் செம்பனைக் குலை ஏற்றிப் போய் வந்த அலுப்போடு, சட்டையைக்கூடக் கழற்றாமல், கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். யார் வந்தாலும், "வீட்ல ஆள் இல்ல" என்பார். "என்னண்ணே, நீங்க இருக்கீங்களே?" என்று ஒருவர் கேட்டார். "நான் ஆள் இல்ல, போ" என்றார். என் அக்கா குடும்பத்தோடு வந்தபோதுகூட வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி, எல்லோரையும் கடைக்குக் கூட்டிப் போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளே நீ படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அந்த நாற்காலி வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டேன்.

அடுத்து இணைய லைன் கதைக்கு வருகிறேன். உன் கைப்பேசியிலிருந்து இணையத்தை எடுத்துத்தான் முதலில் வகுப்பு பார்த்தாய். நடுநடுவே ஆசிரியரின் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். "லைன் சரியில்லம்மா" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. மகன் படிப்பதற்கு லைன்தான் குறை என்றால் லைனைக் கொண்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். முழங்கால் வலியோடு லைன் போடுகிறவர்களின் அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கம்பி இழுக்க வந்த பையனுக்கு மீகூன் பிரட்டிக் கொடுத்து, நல்ல இடமாகப் பார்த்து அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்ட வைத்தேன். சின்னச் சின்னப் பச்சை விளக்கு எரிந்ததும் சாமி கும்பிடாத குறைதான். உன் படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். மனசுக்குள் இருந்தது வேறு. நல்ல லைன் இருந்தால் நீ கூலிமில் அந்த அறையை விட்டுவிட்டு இங்கிருந்தே வேலைக்குப் போய்வரத் தொடங்குவாய் என்று ஒரு நப்பாசை. உன்னிடம் அதை வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாமல் சுவரில் பெட்டி மாட்டினேன்.

அதற்கடுத்த ஒரு சனிக்கிழமை. கோயில் தலைவர் அண்ணன் தோட்டத்துக் கோயிலின் கேமராப் பெட்டியையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். "தம்பி, திருவிழா வருது, உண்டியல் பக்கம் ஒன்னுமே தெரியல. சாமி காரியம்பா" என்றார். சாமி காரியம் என்றால் யார் மறுப்பார்? நீ பெட்டியை மடியில் வைத்துத் திறந்துகொண்டிருந்தாய். மடிக்கணினியில் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கணினிகளின் முகவரியைப் பிரித்துக் கணக்குப் போடுவார்களே, அதில் ஏதோ கேட்டார். நீ தலையைத் தூக்கினாய். உனக்குக் கேள்வியே தெரியவில்லை. "சாரி சார், லைன் ப்ராப்ளம்" என்று சொல்லிப் பட்டனை அமுக்கி முகத்தை மறைத்துக்கொண்டாய். நான் தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உனக்கு மேலே சுவரில் பச்சை விளக்கு எல்லாமே எரிந்துகொண்டிருந்தது. லைனுக்கு ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் இந்த வீட்டில், என்னிடம். அப்போதாவது அண்ணனிடம், பெட்டியைத் தூக்குங்கள், பிள்ளை படிக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். "சீனி போதுமாண்ணே?" என்று கேட்டேன்.

தேர்வு முடிவு வந்தபோது நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். "லைன் போட்டது லேட்டாயிருச்சு, அதாம்மா. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாய். என்மேல் பழி வரக் கூடாது என்று நீ லைன்மேல் பழி போட்டாய். உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்படுவதா, அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த லைன் ப்ராப்ளம் என்கிற வார்த்தையை மட்டும் இனி சொல்லாதே, தம்பி. நெட்வொர்க் படிக்கிற பிள்ளை லைன் ப்ராப்ளம் என்றால், மருந்துக்கடைக்காரர் தலைவலி என்று லீவு போட்டதுபோல் இருக்கிறது. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை, அடுப்படியிலிருந்து அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்காதவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது, பாவம், அவர் பார்ப்பது வெறும் கறுப்புக் கட்டங்களைத்தான்.

உன் பாடத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒயரின் முனையில் நிறம் நிறமாய்க் கம்பிகளை அடுக்கி நசுக்கி நீ எனக்குக் காட்டியபோது, பூக்கட்டுவதற்கு இது பரவாயில்லை என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் அறிவு. ஆனால் தனியாக ஓர் அறையில், கூப்பிட ஆள் இல்லாமல், தானாக எழுந்து தானாக ஒரு காரியத்தைச் செய்வது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை நான் விரும்பிப் படிக்கவில்லை, வாழ்க்கை படிக்க வைத்தது. நீ வீட்டிலிருந்து படிக்கும் படிப்புக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அதனால் சொல்கிறேன். படுக்கையில் உட்கார்ந்து வகுப்புப் பார்க்காதே. உன் அப்பா போன புதிதில் நான் படுக்கையிலேயே பசியாறினேன், படுக்கையிலேயே டிவி பார்த்தேன். என்ன கிழமை என்றே தெரியாமல் போய்விட்டது. பிறகு ஒருநாள் எனக்கே அருவருப்பாகி, யாரும் பார்க்காவிட்டாலும் காலையில் குளித்துப் பொட்டு வைத்து, தலை வாரிக்கொண்டுதான் அடுப்படிக்குள் போவது என்று வைத்துக்கொண்டேன். அது என்னைக் காப்பாற்றியது. நீயும் குளித்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார். முதல் வெள்ளிக்கிழமை உட்கார்ந்தாயே, அப்படி. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பாடத்தைத் திறந்து ஒரு தடவை வாய்விட்டுப் படி. வாய்விட்டுப் படித்தால் அறையில் ஒரு குரலாவது இருக்கும். நான் சமைக்கும்போது, இப்போது உப்புப் போடுகிறேன், இப்போது மூடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே சமைக்கிறேன். பைத்தியம் என்று நினைக்காதே, அப்படிச் சொன்னால் உப்பை மறக்க மாட்டோம்.

கைப்பேசியில் வகுப்புப் பார்க்காதே. அந்தக் கோடு இழுக்கிற பயிற்சியை அதில் செய்ய முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்த காலையில் படிக்கிறேன் என்று உட்காராதே, தூங்கு. தூங்கி எழுந்து கொஞ்சம் படித்தாலும் போதும், ஆனால் தினமும் படி. ஒப்படைக்க வேண்டியதைக் கடைசி நாள்வரை வைத்துக்கொண்டு அல்லாடாதே. உன் அறைப் பையன்களிடம் வகுப்பு நேரத்தைச் சொல்லிவிடு, அந்த நேரத்தில் அவர்கள் கேம் விளையாடிக் கத்தினால் நான் போன் பண்ணித் திட்டுவேன் என்றும் சொல். இன்னொன்று. உன் வகுப்பில் பெண்டாங்கிலிருந்து ஒரு அக்கா படிக்கிறார் என்றாயே, கடையைப் பார்த்துக்கொண்டே படிக்கிறவர். நீ வராத ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தின் குறிப்பையெல்லாம் அவராகவே உனக்கு அனுப்பினார். நீ வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவருக்குப் பதில் போடு. முடிந்தால் வாரம் ஒருநாள் அவரோடு போனில் பேசிப் பாடத்தைப் பாருங்கள். அவரும் கடைக்குள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். திரைக்குள் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பேர்தான், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அறையில் ஒற்றையாய் இருக்கிறீர்கள். ஒருவரையாவது பிடித்துக்கொள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் ஏற்பாட்டைச் சொல்கிறேன். கேஸ் சிலிண்டர் தோங்கைக் கடைக்காரரே உள்ளே கொண்டு வந்து மாட்டிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். முழங்கால் மருந்துக்குக் கிளினிக் போகும்போது ஜானகி அக்காவின் மகள் கூட்டிப் போவாள். சாவி ஒன்று அவர்கள் வீட்டில் இருக்கிறது. புல் வளர்ந்தால் வளரட்டும். தனிமைக்கு மட்டும் ஏற்பாடு எதுவும் செய்ய முடியவில்லை, அதை மறைக்கவும் விருப்பமில்லை. சனிக்கிழமை வந்தால் நீ வருவாய் என்று ஞாயிற்றுக்கிழமையே எண்ணத் தொடங்குகிறவள் நான். நீ வராத சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் வராதே என்றேன்.

அது எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இன்று காலையில் பழக்க தோஷத்தில் பெரிய பானையில் தேத்தண்ணி போட்டுவிட்டேன். கோயில் தலைவர் அண்ணன் காடியை நிறுத்தி, இறங்காமலே கண்ணாடியை இறக்கி, "தம்பி வந்துட்டானா?" என்றார். "வரலண்ணே, படிக்கிறான். இனி பரீட்ச முடியற வரைக்கும் வரமாட்டான். உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்றேன். "இல்லம்மா, வேல கெடக்கு" என்று கிளம்பிவிட்டார். மக் சிக் கேட்டுக்கு வெளியிலிருந்தே கையை ஆட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஜானகி அக்கா மட்டும் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார். கையில் போன் இருந்தது. நீ இல்லை என்றதும், "அப்ப பரவால்ல, அப்பறமா பாத்துக்கறேன்" என்று திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டார். உட்காருங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாசல் தாண்டிவிட்டார். ஒருவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது உன்னிடம் இருந்தது, என்னிடம் இருந்தது வெறும் தேத்தண்ணி. ஆனால் இத்தனை நாளும் என் வீட்டுக்கு வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார், அது கொஞ்சம் வலித்தது. பானையை அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். ஜானகி அக்கா போனதும் நான் உனக்குப் போன் அடித்துவிட்டேன். இவ்வளவு புத்தி சொல்கிறவள், உன் வகுப்பு நேரத்திலேயே அடித்துவிட்டேன். காரணம் ஒன்றும் கிடையாது. பசியாறினாயா என்று கேட்டிருப்பேன், நீ வரவில்லையே என்று அழுதிருப்பேன், நீ மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாய். போன தவணையில் நீ கூலிம் அறையிலேயே இருந்துவிட்ட சில சனிக்கிழமைகளில், வகுப்பு நடுவில் நான் எப்போது அடித்தாலும் உடனே எடுத்து, "சொல்லுங்கம்மா" என்பாய். இன்று அது அடித்துக்கொண்டே இருந்து, தானாக நின்றுபோனது. போனைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் நின்றேன். அழுதேன், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீ எடுக்கவில்லை, சரவணா. என் பிள்ளை எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் நான் அடிப்பேன், என்னை எனக்குத் தெரியும். எடுக்காதே.

அம்மா